நீங்க உண்டாக்கின ஜந்து உங்க பேர்லயே இருக்கணும்னா: டர்பன்ல இருந்து டேபிள்டாப் கேம் எழுதறவங்களுக்கு

சாட்ஸ்வர்த்ல எங்க வீட்டு சாப்பாட்டு மேசைல சனிக்கிழமை ராத்திரி ஆறு பேரு டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கேரக்டரா கதை விளையாட உக்காருவோம், எட்டு வருஷமா நடக்குது. கதைல வர்ற மான்ஸ்டர்ல பாதி நாங்களே உண்டாக்கினது. அதுல எனக்கு ரொம்ப நெருக்கமானது சாம்பலூரி. கரும்பு வெட்றதுக்கு முன்னாடி காட்டுக்கு தீ வைப்பாங்கல்ல, டோங்காட் பக்கம் இருந்தவங்களுக்கு தெரியும், சாயங்காலம் கறுப்பு சாம்பல் பறந்து வந்து கொடில காயற துணி மேலெல்லாம் விழும், அந்த சாம்பலுக்குள்ள ஊர்ந்து வர்ற ஜந்து அது. கடிக்காது, நகமும் கிடையாது. உங்க கேரக்டரோட பேர்ல இருந்து ஒவ்வொரு எழுத்தா தின்னும், ஷீட்ல நீங்களே பென்சிலால ஒரு எழுத்தை அழிக்கணும், கடைசி எழுத்தும் போச்சுன்னா கூட இருக்கறவங்க யாரும் உங்கள கூப்பிட முடியாது. 1860ல இருந்து மெட்ராஸ்ல கப்பலேறி வந்தவங்க பேரையெல்லாம் பதிவேட்டுல காதுல விழுந்த மாதிரி எழுதி வெச்சாங்களே, எங்க ஆயாவோட தாத்தா பேரும் அப்படித்தான் பாதியா நிக்குது, அந்த வருத்தத்துலதான் இந்த ஜந்து பொறந்துச்சு.

அதோட படத்தை மூணு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் விக்கிற கேம்ல பாத்தேன். அதே ஜந்து, அதே சாம்பல், பேரு மட்டும் வேற. வரைஞ்சு குடுத்தவருக்கு நான் காசு குடுத்திருக்கேன், வாட்ஸப்ல "சூப்பர் அண்ணே"ன்னு மெசேஜும் போட்டிருக்கேன், ஆனா கையெழுத்து போட்ட பேப்பர் ஒண்ணும் வாங்கல. சட்டப்படி படம் அவரோடது, அவர் யாருக்கு வேணா விக்கலாம். அப்புறம்தான் உக்காந்து இதையெல்லாம் படிச்சேன், வக்கீல் ஒருத்தர்கிட்டயும் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு எழுதறேன். நான் வக்கீல் இல்ல, அதனால காசு பெருசா சம்பந்தப்பட்டா ஒரு ஐபி வக்கீல (காப்பிரைட், ட்ரேட்மார்க் மாதிரி விஷயம் பாக்கறவர) பாத்துருங்க.

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதியணும். தலைக்குள்ள இருக்கற ஜந்துக்கு சட்டத்துல எந்த பாதுகாப்பும் கிடையாது. தென்னாப்பிரிக்கால காப்பிரைட் 1978ஆம் வருஷத்து 98ஆம் நம்பர் சட்டத்துல இருந்து வருது, அது ஐடியாவ காப்பாத்தாது, நீங்க எழுதின வரிய, வரைஞ்ச கோட்டைத்தான் காப்பாத்தும். எழுத்தாவோ படமாவோ ஃபைலாவோ ஒரு உருவத்துக்கு வந்த நிமிஷமே காப்பிரைட் தானா வந்துரும், எங்கயும் போய் பதிய வேண்டாம், பதியவும் முடியாது, இங்க காப்பிரைட் பதிவுன்னு இருக்கறது சினிமா படத்துக்கு மட்டும்தான். "உங்க மான்ஸ்டர காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ணி தர்றோம்"னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. எழுத்துக்கும் படத்துக்கும் பொதுவா எழுதினவர் உயிரோட இருக்கற காலம், அதுக்கு மேல 50 வருஷம் உரிமை நிக்கும். பெர்ன் ஒப்பந்தம்ங்கற சர்வதேச காப்பிரைட் ஒப்பந்தத்துல நாம இருக்கறதால மத்த மெம்பர் நாடுகள்லயும் உங்க உரிமைக்கு மதிப்பு உண்டு.

இப்ப சாம்பலூரியவே எடுத்துக்கோங்க. "பேரை தின்னும் சாம்பல் பிசாசு"ங்கற எண்ணம் என்னோடது இல்ல, நாளைக்கு நீங்களும் அப்படி ஒண்ணு எழுதலாம், நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அது எப்படி நகருது, சாம்பல் மேல எப்படி தடம் விடுது, தின்ன எழுத்தை தொண்டைல வெச்சு ராத்திரி எப்படி முணுமுணுக்குது, எந்த பாட்டு கேட்டா விலகிப் போகுதுன்னு நான் ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்ல, அந்த ரெண்டு பக்கமும் என்னோடது. அதனால முதல் வேலை, விவரமா எழுதறது. நெறைய பேரு ஸ்டாட் ப்ளாக் (ஜந்தோட பலம், உயிர் மாதிரி எண்களோட பட்டியல்) மட்டும் போட்டுட்டு மேல ஒரே ஒரு வரி எழுதறாங்க, "பெரிய சிங்கம், தும்பிக்கை இருக்கும், கோவிலை காக்கும்"னு. அதுல உங்களோடதுன்னு சொல்ல என்ன இருக்கு? அது யாளி, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் மாதிரி எந்த கோயிலுக்குப் போனாலும் தூணையும் கோபுரத்தையும் அண்ணாந்து பாத்துட்டே வளர்ந்த நம்ம எல்லாருக்கும் பொதுவான சொத்து. ஆனா ஒரு யாளி, கல்லுல பாதி செதுக்கினதோட சிற்பி ஊரை விட்டு போயிட்டதால இடது பக்கம் மட்டும் உயிர் வந்து வலது பக்கம் கல்லாவே இருக்கு, அதனால எப்பவும் இடது பக்கமாவே வட்டம் போட்டு நடக்குது, தன்னை முடிச்சு வெக்க ஒரு ஆள தேடிட்டே இருக்குன்னு எழுதினீங்கன்னா அது உங்க யாளி. மத்தவங்க யாளி எழுதலாம், இந்த யாளிய எழுத முடியாது. எவ்வளவு குறிப்பா எழுதறீங்களோ அவ்வளவு உங்க கை ஓங்கும்.

எழுதறப்போ தேதி போடுங்க. பழைய டிராஃப்ட அழிக்காதீங்க, ஸ்கெட்ச் கிறுக்கினத கூட போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. எனக்கு நானே ஈமெயில் அனுப்பிட்டா காப்பிரைட் கிடைச்சிரும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, அது உரிமைய குடுக்காது, ஆனா எப்ப எழுதினீங்கங்கறதுக்கு ஒரு சாட்சியா உதவும், அந்த அளவுக்கு சரி. புத்தகத்துல வட்டத்துக்குள்ள சி போட்டு உங்க பேரு, வருஷம் போடுங்க. சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா பிரதில யார் பேரு ஆசிரியர்னு இருக்கோ அவர்தான் ஆசிரியர்னு கோர்ட் முதல்ல எடுத்துக்கும், இல்லன்னு சொல்றவர்தான் நிரூபிக்கணும். ஒரு வரில அவ்வளவு பலம் கிடைக்குது, விட்ராதீங்க.

ரூல்ஸ் பத்தி சுருக்கமா. "எழுத்தை அழிக்கற" அந்த மெக்கானிக், அதாவது விளையாடற விதம், எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆனா அதுக்கு பாதுகாப்பு கிடையாது. பேட்டன்ட் சட்டம், 1978ல 57ஆம் நம்பர், கேம் விளையாடற முறையோ ரூலோ கண்டுபிடிப்பு ஆகாதுன்னு நேராவே சொல்லுது. காப்பிரைட்டும் ரூல விளக்கற உங்க வாக்கியத்தத்தான் காக்கும், ரூலை இல்ல. அது நல்லதுன்னே நான் நினைக்கறேன், இல்லன்னா இருபது பக்க டைஸ் உருட்டறதுக்கே யாருக்காவது காசு கட்டிட்டு இருப்போம்.

பேருக்கு வருவோம், இங்கதான் ஜாஸ்தி குழப்பம். ஒத்தை வார்த்தைக்கு காப்பிரைட் கிடைக்காது. பேரை காக்கறது ட்ரேட்மார்க். பழைய கதை ஒண்ணு சொல்றேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற கேம் 1974ல வந்தப்போ அதுல ஹாபிட், என்ட், பால்ராக்னு ஒரு பிரபல நாவல்ல வர்ற ஜந்துங்க அதே பேர்லயே இருந்துச்சு. உரிமைக்காரங்க பக்கம் இருந்து ஆட்சேபம் வந்ததும் அது ஹாஃப்லிங், ட்ரீன்ட், பேலார்னு மாறிப்போச்சு. ஆனா எல்ஃப், ட்வார்ஃப், டிராகன், ஆர்க் எல்லாம் அப்படியே நின்னுச்சு, ஏன்னா அதெல்லாம் பழைய வார்த்தை, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. இன்னொரு பக்கம் கேம்ஸ் வொர்க்ஷாப்ங்கற கம்பெனி 2015ல தன்னோட ஃபேண்டஸி கேம புதுசாக்கினப்போ ஆர்க்க ஓர்ருக்குன்னும் ஓகர ஓகோர்னும் எல்ஃப ஏல்ஃப்னும் எழுத ஆரம்பிச்சாங்க. பொதுப் பேரு யாருக்கும் சொந்தமாகாது, புதுசா உண்டாக்கின பேரு சொந்தமாகும்.

அதனால பேரு வெக்கறப்பவே யோசிங்க. "பூதம்", "முனி", "அண்டரண்டபட்சி"ன்னு வெச்சா அது எல்லாருக்கும் பொது. "நெருப்புப் பாம்பு"ன்னு வெச்சா அது வெறும் வர்ணனை, ட்ரேட்மார்க் ஆபீஸ்ல நிக்காது. ரெண்டு தமிழ் வேர்ச்சொல்ல ஒட்டி இதுவரைக்கும் இல்லாத ஒரு சொல்ல உண்டாக்குங்க, நம்ம மொழி அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, சாம்பல் ஊரி ரெண்டையும் சேத்தா சாம்பலூரி, பொருளும் தெரியும், வேற எங்கயும் இருக்காது. ஒரு எச்சரிக்கை, இங்கிலீஷ் எழுத்துல எப்படி எழுதறதுன்னு ஒரே ஒரு ஸ்பெல்லிங் முடிவு பண்ணி எல்லா இடத்துலயும் அதையே போடுங்க. எங்க முதல் பதிப்புல மூணு ஸ்பெல்லிங் இருந்துச்சு, தேடினா ஒண்ணும் கிடைக்காது, பேரு யார் மனசுலயும் நிக்கல.

ட்ரேட்மார்க் பதியறது பிரிட்டோரியால இருக்கற சிஐபிசிங்கற அரசாங்க ஆபீஸ், ஆன்லைன்லயே போடலாம். விண்ணப்பக் கட்டணம் ஒரு மார்க்குக்கு ஒரு கிளாஸுக்கு (பொருளோட வகைக்கு) 590 ராண்ட்னு வெச்சிருந்தாங்க, போடறதுக்கு முன்னாடி சைட்ல ஒருதரம் பாத்துக்கோங்க. கேமும் மினியும் (மேசைல வெக்கற குட்டி பொம்மை) 28ஆம் கிளாஸ், அச்சடிச்ச ரூல்புக் 16, டவுன்லோட் பண்ற பிடிஎஃப் 9. ஏத்துக்கிட்டா பேட்டன்ட் ஜர்னல்ல விளம்பரம் வரும், மூணு மாசம் யாராவது ஆட்சேபம் சொல்ல டைம் இருக்கும், பதிவானா 10 வருஷம், அப்புறம் புதுப்பிச்சிட்டே போகலாம். பதிஞ்சுட்டு அஞ்சு வருஷம் தொடர்ந்து பயன்படுத்தாம விட்டா யாராவது கேட்டு அதை எடுக்க வெக்க முடியும். பதியாத பேருக்கு பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்றாதீங்க, இங்க அது குற்றம், டிஎம் போட்டுக்கலாம். இன்னொண்ணு, தென்னாப்பிரிக்கா மாட்ரிட் ஒப்பந்தத்துல சேரல, அதனால இங்க இருந்து ஒரே அப்ளிகேஷன்ல பல நாட்டுக்கு போட முடியாது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா போடணும்.

எனக்கு தோணறது, ஒவ்வொரு ஜந்துக்கும் ட்ரேட்மார்க் போடறது காசுக்கு கேடு. கேமோட பேருக்கு ஒண்ணு போடுங்க. ஜந்துல ஏதாவது ஒண்ணு உங்க அட்டைல, டீ ஷர்ட்ல, பேனர்ல முகமா வந்து நின்னு ஜனங்க அதை பாத்தே உங்கள கண்டுபிடிக்கறாங்கன்னா அப்ப அதுக்கு போடலாம். பதியாத பேருக்கும் வழியே இல்லன்னு இல்ல, உங்க பேர்ல சம்பாதிச்ச நல்ல பேரை வேற ஒருத்தர் தன்னோடதுன்னு காட்டி வித்தா பாசிங் ஆஃப்னு வழக்கு போடலாம், ஆனா உங்கள பத்தி மார்க்கெட்ல தெரியும்னு நீங்கதான் நிரூபிக்கணும், நூறு காப்பி வித்தவங்களுக்கு அது கஷ்டம்.

இப்ப என்னை அடிச்ச இடம், ஓவியர். காசு குடுத்து வரைய சொன்னா படம் நம்மளோடதுன்னுதான் எல்லாரும் நினைக்கறோம். சட்டத்தோட 21ஆம் பிரிவுல காசு குடுத்தவருக்கு உரிமை போற வேலைகள்னு ஒரு சின்ன பட்டியல் இருக்கு, போட்டோ, ஒருத்தரோட உருவப்படம், சினிமா, ஒலிப்பதிவு அந்த மாதிரி. கற்பனை ஜந்தோட படம் அதுல வராது. அப்ப படத்தோட காப்பிரைட் ஓவியர்கிட்டதான், நீங்க காசு குடுத்ததால பேசின வேலைக்கு அதை பயன்படுத்திக்கலாம், அவ்வளவுதான். உரிமை உங்களுக்கு மாறணும்னா எழுத்துல இருக்கணும், ஓவியர் கையெழுத்து போட்டிருக்கணும், 22ஆம் பிரிவு அதை தெளிவா சொல்லுது, வாய்ப்பேச்சு செல்லாது. மினி செதுக்கி குடுக்கறவருக்கும் த்ரீடி ஃபைல் செஞ்சு குடுக்கறவருக்கும் இதே கதைதான்.

பேப்பர் பெருசா இருக்க வேண்டாம், அரை பக்கம் போதும். யாரு யாருக்கு, எந்தெந்த படம் (சின்னதா ஒட்டியே வெச்சிருங்க), எவ்வளவு ராண்ட், எந்த தேதி. அப்புறம் மெயின் வரி: "மேல சொன்ன படங்களின் காப்பிரைட் முழுவதையும், எல்லா நாட்டுக்கும், அதன் முழுக் காலத்துக்கும், இன்னாருக்கு எழுதிக் கொடுக்கிறேன்." ஸ்கெட்சும் பாதியில விட்ட வெர்ஷனும் அதுல அடக்கம்னு ஒரு வரி சேருங்க, எனக்கு நடந்ததுல வெளிய போனது ஃபைனல் படம் இல்ல, ரெண்டாவது ஸ்கெட்ச். கையெழுத்து, தேதி. காசு குடுக்கறதுக்கு முன்னாடி வாங்குங்க, அப்புறம் கேட்டா சங்கடம்.

ஓவியரையும் நினைச்சு பாருங்க. முழு உரிமைய கேட்டா அதுக்கேத்த மாதிரி ஜாஸ்தி குடுக்கணும், அவங்களும் இதுல பொழைக்கறவங்க. காசு இல்லன்னா வேற வழி இருக்கு, உரிமை அவர்கிட்டயே இருக்கட்டும், கேம் சம்பந்தமான எதுக்கும் உங்களுக்கு மட்டும்தான் லைசன்ஸ்னு எழுதிக்கலாம், அந்த எக்ஸ்க்ளூசிவ் லைசன்ஸும் எழுத்துல கையெழுத்தோட இருக்கணும். போர்ட்ஃபோலியோல காட்டிக்கலாம்னு தாராளமா விடுங்க. உரிமைய எழுதி குடுத்த பிறகும் தன் பேரை போடச் சொல்லவும், படத்தை அசிங்கமா சிதைச்சா எதிர்க்கவும் அவருக்கு 20ஆம் பிரிவுல உரிமை இருக்கு, அதனால அவர் பேரை அழகா போடுங்க.

இதே பேப்பர் உங்க கூட விளையாடறவங்ககிட்டயும் வேணும், இதை யாரும் யோசிக்கறதில்ல. சாம்பலூரி பாட்டு கேட்டா விலகும்னு சொன்னது என் சித்தப்பா பொண்ணு. விளையாட்டு நடுவுல அவ வாயில வந்தது, நான் எழுதிக்கிட்டேன். சும்மா ஒரு ஐடியா சொன்னா அதனால பங்கு வராது, ஆனா பக்கத்துல உக்காந்து வரிய சேந்து எழுதி யாரோடது எதுன்னு பிரிக்க முடியாம போனா ரெண்டு பேரும் கூட்டு ஆசிரியர். சொந்தத்துக்குள்ள இதை காசு வந்த பிறகு பேசினா தீபாவளிக்கு கூட பேச்சு வார்த்தை இருக்காது. இப்பவே பேசிருங்க, யாரு பேரு போடறது, எத்தனை பங்கு. அதே மாதிரி நீங்க கேம் கம்பெனில சம்பளத்துக்கு வேலை செஞ்சு அந்த வேலையா எழுதின ஜந்து கம்பெனியோடது, வீட்டு ஜந்தை ஆபீஸ் லேப்டாப்ல எழுதாதீங்க.

ஏஐ வெச்சு படம் உண்டாக்கறவங்களுக்கு ஒண்ணு. இங்க சட்டத்துல கம்ப்யூட்டர் உண்டாக்கின வேலைக்கு, அதுக்கான ஏற்பாட்ட செஞ்சவர் ஆசிரியர்னு ஒரு வரி இருக்கு, ஆனா அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் மனுஷன் உண்டாக்காததுக்கு பதிவு தர்றதில்ல. நம்ம பிடிஎஃப்ப வாங்கறவங்க நெறைய பேரு அங்கதான் இருக்காங்க. உங்களுக்கு முக்கியமான ஜந்துக்கு மனுஷ கையால வரைய வையுங்க.

ஊர்க்கதைல இருந்து எடுக்கறது பத்தி என் மனசுல இருக்கறத சொல்லிடறேன். யாளி, சரபம், இருதலைப்புள், பறை சத்தம் கேட்டா உசுர விடற அசுணம், எல்லாம் நம்மளோடது, எல்லாருக்கும் திறந்தது. ஜூலு ஜனங்க சொல்ற டோக்கலோஷிங்கற குட்டிப் பிசாசும், ஹோவிக் அருவில இருக்கறதா சொல்ற இன்கன்யாம்பாங்கற பெரிய பாம்பும் காப்பிரைட்படி யாருக்கும் தனிச்சொத்து இல்லதான். ஆனா அது நம்ம பக்கத்து வீட்டு ஜனங்க இன்னைக்கும் நம்பற விஷயம், டோக்கலோஷிக்கு பயந்து கட்டில் காலுக்கு கீழ செங்கல் வெச்சு படுக்கறவங்க இருக்காங்க. பரம்பரை அறிவ காக்க 2019ல இங்க தனிச்சட்டமே நிறைவேத்தியிருக்காங்க. ஜூலு பேசற ஒருத்தர்கிட்ட எழுதினத குடுத்து படிக்க சொல்லுங்க, கோணலா இருந்தா மாத்துங்க, உதவிக்கு பேரும் காசும் குடுங்க. நம்ம முனீஸ்வரனை யாராவது வெறும் வெட்டி சாய்க்கற மான்ஸ்டரா போட்டா நமக்கு எப்படி இருக்கும்?

வெளியிடற இடத்தோட கண்டிஷனை படிக்காம அப்லோட் பண்ணாதீங்க. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு நாம எழுதினத விக்கற டிஎம்ஸ் கில்ட் சைட்ல போட்டா அவங்க உலகத்தையும் பேரையும் பயன்படுத்திக்கலாம், அதுக்கு பதிலா உங்க ஜந்தை அங்க எழுதற மத்தவங்களும் எடுத்துக்கலாம், அந்த புத்தகத்தை வேற இடத்துல விக்க முடியாது. மனசுக்கு நெருக்கமான ஜந்தை அங்க கொண்டு போகாதீங்க. ரூல்ஸ் மட்டும் வேணும்னா 2023 ஜனவரில எஸ்ஆர்டி 5.1ங்கற அந்த கேமோட அடிப்படை ரூல் தொகுப்ப கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0ங்கற பொது லைசன்ஸ்ல விட்டாங்க, அவங்க சொல்ற கிரெடிட் வரிய போட்டா போதும், உங்க ஜந்து உங்களோடதாவே இருக்கும். ஷேர் அலைக்னு முடியற லைசன்ஸ்ல இருந்து எடுத்து மாத்தி எழுதினா மட்டும் உங்க வேலையும் அதே லைசன்ஸ்ல போக வேண்டி வரும், கவனமா பாருங்க.

மினி விக்கிறவங்களுக்கு டிசைன் பதிவுன்னு ஒண்ணு இருக்கு, அழகு சார்ந்த டிசைனுக்கு 15 வருஷம், ஆனா வெளிய விட்ட ஆறு மாசத்துக்குள்ள போடணும். சின்ன அளவுல விக்கறவங்களுக்கு தேவைப்படாதுன்னு நினைக்கறேன், சிற்பமா காப்பிரைட்டே இருக்கு.

யாராவது எடுத்துட்டாங்கன்னா முதல்ல கோவத்துல போஸ்ட் போடாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, தேதியோட, முடிஞ்சா ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு எதெது உங்க வரி, எது பொது எண்ணம்னு நிதானமா குறிங்க. வார்த்தைய மாத்திட்டாங்க, அதனால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு விட்ராதீங்க, 1989ல பதிவான கலாகோ வழக்குல இங்க அப்பீல் கோர்ட் எவ்வளவு எடுத்தாங்கங்கறத விட எடுத்த பாகம் எவ்வளவு முக்கியமானதுங்கறத பாத்துச்சு. அப்புறம் ஒரு மரியாதையான மெயில். பாதி விஷயம் அதுலயே முடியும், தெரியாம செஞ்சவங்க நெறைய. முடியலன்னா அதை எடுக்கச் சொல்லி சைட்டுக்கு டேக்டவுன் நோட்டீஸ், அமெரிக்க சைட்டுன்னா அந்த ஊர் டிஎம்சிஏ சட்டப்படி, இங்க சர்வீஸ் ப்ரொவைடர்னா 2002ஆம் வருஷத்து எலக்ட்ரானிக் சட்டத்துல 77ஆம் பிரிவு. நோட்டீஸ்ல பொய் சொன்னா நஷ்டஈடு நீங்க குடுக்க வேண்டி வரும். அதுக்கும் மேலன்னா வக்கீல், விக்கறத நிறுத்த உத்தரவும், நஷ்டத்துக்கு பதிலா நியாயமான ராயல்டியும் கேக்கலாம்.

என் விஷயத்துல நான் நோட்டீஸ் அனுப்பல, அனுப்ப உரிமையும் இல்ல. ஓவியர்கிட்ட போன்ல பேசினேன், அவருக்கும் வருத்தம்தான், மீதி படத்தை எனக்கு எழுதி குடுத்தாரு. சாம்பலூரிய மட்டும் சித்தப்பா பொண்ணு புதுசா வரைஞ்சா, அரை பக்க பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டுதான் பென்சிலை எடுத்தா. பழைய படத்தை விட இது நல்லா இருக்கு, இதுல சாம்பலுக்குள்ள அது தின்ன எழுத்தெல்லாம் தெரியுது, தமிழ் எழுத்துல. ரெண்டாவது பதிப்புக்கு நேஷனல் லைப்ரரில ஐஎஸ்பிஎன் இலவசமா வாங்கியிருக்கோம், அச்சானதும் சட்டப்படி அங்கயும் பிரதி குடுக்கணும். அதுல நன்றிப் பக்கத்துல ஆயாவோட தாத்தா பேரை முழுசா போட்டிருக்கேன், ஒரு எழுத்தும் விடாம.